குடிக்கிற வட்டாரம் எது? செட்டிநாட்டை வைத்து ஒரு கணக்கு

தீபாவளி முடிந்த கையோடு ஒரு பட்டியல் வந்துவிடும். எந்த மண்டலத்தில் எத்தனை கோடிக்கு மது விற்றது என்ற பட்டியல். 2025 தீபாவளியை ஒட்டிய 3 நாட்களில் மாநிலம் முழுவதும் சுமார் 790 கோடி ரூபாய்க்கு விற்பனை, அதில் மதுரை மண்டலம் 170 கோடியைத் தாண்டி முதலிடம் என்று செய்திகள் வெளியாயின. தென்மாவட்டத்துக்காரர்கள்தான் அதிகம் குடிக்கிறார்கள் என்று டீக்கடை முதல் தொலைக்காட்சி விவாதம் வரை தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

அந்தத் தீர்ப்பில் செட்டிநாட்டின் பெரும்பகுதியை உள்ளடக்கிய சிவகங்கை மாவட்டமும் சேர்த்தி. டாஸ்மாக் நிர்வாகம் சென்னை, கோவை, மதுரை, திருச்சி, சேலம் என 5 மண்டலங்களாக இயங்குகிறது. இதில் மதுரை மண்டலம் மதுரையோடு நிற்பதில்லை. காரைக்குடியில் தொடங்கி, ராமநாதபுரம், விருதுநகர், திருநெல்வேலி வழியாகக் கன்னியாகுமரி வரை நீள்கிறது. இத்தனை மாவட்டத்துக் கல்லாவையும் ஒன்றாகக் கொட்டி எண்ணினால் முதலிடம் வருவதில் என்ன வியப்பு? எத்தனை பேர் வாழும் மண்டலம், எத்தனை கடை உள்ள மண்டலம் என்று யாரும் வகுத்துப் பார்ப்பதில்லை. வகுக்காத எண்ணை வைத்து ஊர்க்குணம் பேசுவது நம் பத்திரிகைகளுக்குப் பழகிப்போன வேலை.

செட்டிநாடு என்ற பெயர் இந்தப் பட்டியல் எதிலும் கிடையாது. அது நிர்வாக எல்லை இல்லாத நாடு. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் எல்லாம் சிவகங்கை மாவட்டம். அங்கிருந்து சில கிலோமீட்டர் போனால் கோனாப்பட்டு, ராயவரம், ராமச்சந்திரபுரம் எல்லாம் புதுக்கோட்டை மாவட்டம். முதலாவது மாவட்டத்தின் விற்பனை மதுரை மண்டலக் கணக்கில் ஏறும், இரண்டாவதன் விற்பனை திருச்சி மண்டலத்தில் ஏறும். இந்தப் பிளவு இன்று வந்ததும் அல்ல. 1948 மார்ச்சில் இந்திய ஒன்றியத்தோடு இணையும்வரை புதுக்கோட்டை தனி சமஸ்தானம். காரைக்குடிப் பக்கம் ஆங்கிலேய ஆட்சியின் ராமநாதபுரம் மாவட்டம். சாராய வருமானம், கள்ளுக்கடை ஏலம் ஆகிய எல்லாவற்றுக்கும் இரண்டு அரசாங்கம், இரண்டு கணக்குப் புத்தகம். ஆக, 'செட்டிநாட்டில் குடி அதிகமா, குறைவா?' என்று யாராவது கேட்டால், அன்றும் சரி இன்றும் சரி, பதில் சொல்ல ஒரு அட்டவணை கூட இல்லை. உலகெங்கும் பார்களின் உணவுப் பட்டியலில் 'செட்டிநாடு மிளகுக் கோழி' இடம்பிடித்திருப்பதை அட்டவணையாக எடுத்துக்கொள்ள முடியாது.

அட்டவணை இல்லை என்பதற்காக இந்த வட்டாரத்தை விட்டுவிட வேண்டியதில்லை. மதுப் புள்ளிவிவரங்களை எப்படிப் படிப்பது என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் குறைவு. காரணம், இங்கே வகுக்கும் எண்ணே நிலையாக இல்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சிவகங்கை மாவட்டத்தின் மக்கள்தொகை 13,39,101. ஆயிரம் ஆண்களுக்கு 1,003 பெண்கள். மாநில சராசரி 996. வானம் பார்த்த பூமி. சம்பாதிக்கும் வயதில் ஆண்கள் சென்னைக்கும் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விடுவது இங்கே தலைமுறை வழக்கம். செட்டிநாட்டின் வணிகச் சமூகமான நகரத்தார் பர்மா, இலங்கை, மலேயா என்று கடல்கடந்து கொண்டுவிற்கப் போனது ஊரறிந்த கதை. அவர்கள் கட்டிய வீடுகளில் பல இன்று ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கின்றன. கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), படைப்பு (முன்னோர் வழிபாடு) என்றால்தான் கதவு திறக்கும். திறந்தால் ஒரே வாரத்தில் ஊரின் தலைக்கணக்கு இரண்டு மடங்காகிவிடும்.

இப்போது தலைக்கு இவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். விற்ற பாட்டில் மேலே, மக்கள்தொகை கீழே. மேலே இருப்பதில் விருந்துக்கு வந்தவர் வாங்கியதும், அழகப்பா பல்கலைக்கழகத்துக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கும் வெளியூரிலிருந்து வந்து தங்கியிருப்பவர் வாங்கியதும், புதுவயல் அரிசி ஆலைக்கு வடமாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவர் வாங்கியதும், மாளிகையைப் பார்க்க வந்த சுற்றுலாப் பயணி ஓட்டல் பாரில் குடித்ததும் சேர்ந்திருக்கிறது. கீழே 2011 கணக்கெடுப்பின்போது ஊரில் இருந்தவர்கள் மட்டும். இதில் எதிர்ப்பக்கமும் உண்டு. இந்த ஊரில் பிறந்து திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவர் சனிக்கிழமை இரவு வாங்குவது கோவை மண்டலத்தின் கணக்கு. அவருடைய மனைவியும் பெற்றோரும் இங்கே வகுக்கும் எண்ணில் இருக்கிறார்கள். எது எதைச் சரிக்கட்டுகிறது என்று எண்ணைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

உலக அளவில் இதே சிக்கல் லக்சம்பர்க்கில் உண்டு. அங்கே வரி குறைவு என்பதால் அண்டை நாட்டவர் எல்லை தாண்டி வந்து வாங்குவார்கள், தலைக்கணக்கில் அந்தச் சின்ன நாடு பெருங்குடி நாடாகத் தெரியும். நம் பக்கத்தில் புதுச்சேரியும் மாஹேயும் அப்படி. மாஹேயில் விற்பதை மாஹே மக்கள்தொகையால் வகுப்பது கேலிக்கூத்து.

கடைக் கணக்கு இப்படி என்றால் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம்.

தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின் 5-ஆம் சுற்று (2019-21) தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 25.4 விழுக்காட்டினர் மது அருந்துவதாகச் சொல்கிறது. பெண்களில் 0.3 விழுக்காடு. முந்தைய 4-ஆம் சுற்றின் (2015-16) அறிக்கையில் ஆண்களின் எண் 46.7. ஐந்து ஆண்டில் குடிப்பவர் பாதியாகிவிட்டார்களா? இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் 'குடி குறைந்தது' என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். முதலில், பழைய எண் 15 முதல் 49 வயது வரையிலான ஆண்களுடையது, புதிய எண் 15 வயதுக்கு மேற்பட்ட எல்லோருடையதும். அதைவிடப் பெரிய வேறுபாடு, கேள்வி யாரிடம் கேட்கப்பட்டது என்பது. பழைய எண் அந்தந்த ஆணிடமே கேட்டு வாங்கியது. புதிய எண் குடும்ப அட்டவணையிலிருந்து வருகிறது. வீட்டில் இருக்கும் ஒருவர் எல்லோருக்குமாகச் சேர்த்துப் பதில் சொல்கிறார்.

காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இது எப்படி நடக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். பகல் பதினொரு மணி. ஆண்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். திண்ணையில் வீட்டுப் பெரியவர் இருக்கிறார். கணக்கெடுக்க வந்த பெண் கையில் கருவியோடு உட்கார்ந்து, பெயர், வயது, படிப்பு, கழிவறை, கேஸ் அடுப்பு என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வருகிறார். "ஆச்சி, உங்கள் மகன் குடிப்பாரா?" அடுத்த வீட்டுக்காரி தூணைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். வீட்டில் கல்யாணத்துக்குப் பேரன் இருக்கிறான். "அதெல்லாம் இல்லை அம்மா, என்றைக்காவது விசேஷத்துக்கு..." அந்த 'என்றைக்காவது' ஆமாம் என்ற பெட்டியில் விழுமா, இல்லை என்ற பெட்டியில் விழுமா? அது கேட்பவருடைய பயிற்சியையும் அன்றைய வெயிலையும் பொறுத்தது. வீட்டுக்குத் தெரியாமல் குடிக்கிற பிள்ளை எந்தப் பெட்டியிலும் விழமாட்டான்.

கடைக் கணக்கையும் வீட்டுக் கணக்கையும் மோதவிட்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் ஏறத்தாழ 3 கோடிப் பேர். 25.4 விழுக்காடு என்றால் சுமார் 76 லட்சம். 2024-25-ஆம் ஆண்டில் மதுவிலிருந்து ஆயத்தீர்வையும் மதிப்புக்கூட்டு வரியுமாக அரசுக்கு வந்தது 48,344 கோடி ரூபாய். குடிப்பதாகச் சொல்லப்பட்ட ஒவ்வொருவர் தலையிலும் இதைப் பிரித்துப் போட்டால் ஆண்டுக்கு 63,000 ரூபாய்க்கு மேல், நாளுக்கு 174 ரூபாய். இது வரி மட்டும். சரக்கின் விலை இதற்கு மேல். சாதாரண ரக குவாட்டர் ஒன்றின் முழு விலையே 140 ரூபாய் என்றிருந்த காலம் அது. மழையென்றும் காய்ச்சலென்றும் விரதமென்றும் பாராமல் 76 லட்சம் பேரும் 365 நாளும் ஒரு குவாட்டருக்கு மேல் குடித்தால்தான் இந்தக் கணக்கு நேராகும். 46.7 விழுக்காட்டை வைத்துப் போட்டால் தலைக்கு நாளொன்றுக்குச் சுமார் 95 ரூபாய் வரி. கொஞ்சம் நம்பும்படி இருக்கிறது. கடைக் கணக்கு பொய் சொல்ல வழியில்லை, கல்லாவில் பணம் இருக்கிறது. திண்ணையில்தான் எதையோ விழுங்கிவிட்டார்கள். இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய குணமும் இல்லை. உலகில் எங்கே கேட்டாலும் மக்கள் வாயால் ஒப்புக்கொள்ளும் அளவு, விற்ற அளவைவிடப் பெரிதும் குறைவாகவே இருக்கிறது.

இதனால் வீட்டுக் கணக்கு குப்பை என்று தூக்கிப் போட வேண்டியதில்லை. ஒரே கேள்வியை ஒரே முறையில் கேட்ட இடங்களுக்குள் ஒப்பிடலாம். ஆனால் அங்கேயும் வெட்கம் எல்லா ஊரிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. அதே 5-ஆம் சுற்றில் அருணாசலப் பிரதேச ஆண்களில் பாதிக்கு மேல், பெண்களில் சுமார் 24 விழுக்காடு. வீட்டிலேயே அரிசியில் மது வடித்து விருந்தாளிக்குக் கொடுப்பது அங்கே பல பழங்குடிகளின் மரபு. கேட்டால் ஒளிக்க வேண்டிய அவசியமில்லை. 2016 முதல் முழு மதுவிலக்கு உள்ள பீகாரில் ஆண்களில் 15.5 விழுக்காடு, மதுக்கடை திறந்திருக்கும் மகாராஷ்டிரத்தில் 13.9. ஒப்புக்கொண்டால் வழக்கு பாயுமோ என்ற பயம் இருக்கும் மாநிலத்தில் இவ்வளவு பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்றால் ஒப்புக்கொள்ளாதவர்கள் எத்தனை பேரோ.

எத்தனை பேர் குடிக்கிறார்கள் என்பதும் எவ்வளவு குடிக்கிறார்கள் என்பதும் வேறு வேறு. இந்த இடத்தில் குவாட்டர் பாட்டிலைக் கையில் எடுத்து அதன் ஒட்டுச்சீட்டைப் படிக்க வேண்டும். 180 மில்லி, ஆல்கஹால் 42.8 விழுக்காடு. அதாவது 77 மில்லி தூய ஆல்கஹால். 5 விழுக்காட்டு பீர் 650 மில்லி பாட்டிலில் இருப்பது 32.5 மில்லி. ஒரு குவாட்டரை முடித்தவர் இரண்டேகால் பாட்டில் பீருக்கு மேல் குடித்திருக்கிறார். உலக சுகாதார நிறுவனம் நாடுகளை ஒப்பிடும்போது இந்தத் தூய ஆல்கஹாலைத்தான் அளக்கிறது. 2016-க்கு இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்ட ஒருவருக்கு 5.7 லிட்டர், உலக சராசரி 6.4 லிட்டர் என்றது. 5.7 லிட்டர் என்பது குடிக்காத பாட்டியையும் சேர்த்துத் தலைக்கு ஆண்டுக்கு 74 குவாட்டர். 'சராசரியைவிடக் குறைவுதானே' என்று ஆறுதல் கொள்பவர்கள், ஐரோப்பாவில் இந்த ஆல்கஹாலை ஆணும் பெண்ணுமாகப் பெரும்பாலோர் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்பதையும், இங்கே ஆண்களில் ஒரு பகுதியினரின் வயிற்றுக்குள்ளேயே ஏறத்தாழ முழுவதும் போகிறது என்பதையும் மறந்துவிடுகிறார்கள். எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் 2019-இல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி இந்தியாவில் 1 பெண் குடித்தால் 17 ஆண்கள் குடிக்கிறார்கள். அதே ஆய்வு சுமார் 5.7 கோடிப் பேருக்கு மதுப் பழக்கத்தால் உதவி தேவைப்படுகிறது என்றது. குடிப்பவர்கள் மொத்தம் சுமார் 16 கோடி. மூன்று பேரில் ஒருவருக்கு மேல்.

அந்த 5.7 லிட்டரில் பாதிக்குச் சற்றே குறைவானது எந்தப் பதிவிலும் வராத மது. பதிவில் வராதது என்றதும் கள்ளச்சாராயம்தான் நினைவுக்கு வரும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற பிறகு நினைக்காமல் இருக்க முடியாது. கள் 1987 முதல் தடையில் இருக்கிறது. பனை நிற்கும் ஊரில் அது முற்றாக இல்லாமல் போயிற்று என்று சொல்பவர் பனங்காட்டுப் பக்கம் போகாதவர். ஆனால் செட்டிநாட்டில் பதிவுக்கு வெளியே இருக்கும் மதுவில் இன்னொரு வகையும் உண்டு. சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் திருச்சி விமான நிலையத்தில் வந்து இறங்குபவர் ஒவ்வொருவரும் 2 லிட்டர் வரை தீர்வையில்லாமல் கொண்டுவரலாம். ஊரில் மாமனுக்கு ஒன்று, பங்காளிக்கு ஒன்று. முன்னாள் ராணுவத்தினரின் கேண்டீன் ஒதுக்கீடும் டாஸ்மாக் கல்லாவைத் தொடாது. ஏழையின் பதிவில்லாத மதுவைப் பிடிக்கப் போலீஸ் இருக்கிறது, அதற்கு வழக்கு எண்ணிக்கை என்ற புள்ளிவிவரமும் இருக்கிறது. மற்றதற்கு எதுவும் இல்லை. மதுவிலக்கு வழக்குகள் ஒரு மாவட்டத்தில் கூடினால் குடி கூடியது என்று பொருளில்லை. காவல்துறை அந்த மாதம் மும்முரமாக வேலை செய்தது என்று பொருளாக இருக்கலாம்.

மீண்டும் கோடிகளுக்கு வருவோம். மதுவிலிருந்து அரசுக்கு வந்த வரி 2022-23-இல் 44,121 கோடி, 2023-24-இல் 45,855 கோடி, அடுத்த ஆண்டில் 48,344 கோடி. ஆண்டுதோறும் 'புதிய உச்சம்' என்று தலைப்பு வருகிறது. கடைசி ஆண்டின் உயர்வு 5.4 விழுக்காடு. 2024 பிப்ரவரி 1 முதல் 130 ரூபாய் குவாட்டர் 140 ஆனது. அது மட்டுமே 7.7 விழுக்காடு உயர்வு. விலை ஏறிய அளவுக்கு வருவாய் ஏறவில்லை என்றால் பாட்டில் எண்ணிக்கை கூடவில்லை, குறைந்தும் இருக்கலாம் என்றுதான் முதலில் ஐயப்பட வேண்டும். குடிப்பவர் மலிவு ரகத்துக்கோ பீருக்கோ மாறியிருக்கலாம். 2023 ஜூனில் 500 கடைகளை மூடியதும் இடையில் இருக்கிறது. உறுதியாகச் சொல்ல ரூபாய்க் கணக்கு போதாது, எத்தனை பெட்டிச் சரக்கு விற்றது என்ற பெட்டிக் கணக்கு வேண்டும். ஆனால் பண்டிகைச் செய்தியில் பெட்டிக் கணக்கு பெரும்பாலும் வருவதில்லை. கோடிதான் தலைப்புக்கு எடுப்பாக இருக்கிறது.

பண்டிகைச் செய்தி என்றதும் பொங்கலையும் சொல்லிவிட வேண்டும். தை 2 திருவள்ளுவர் நாள், அன்று கடை கிடையாது. தை 3-இல் காரைக்குடிக்கு அருகே சிராவயல் மஞ்சுவிரட்டு. சுற்றுவட்டாரமே பொட்டலில் திரளும். இரண்டு நாளுக்கு வேண்டியதை முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். கூட விலைக்கு விற்க நினைப்பவர்களும் அன்றே மூட்டை கட்டுகிறார்கள். பொங்கலன்று விற்பனை உச்சம் தொட்டது என்ற செய்தியில் பாதி, மறுநாள் கடை மூடியிருக்கும் என்ற செய்திதான்.

கெடுதியின் கணக்கு இன்னொரு வழியில் தவறுகிறது. ஈரல் கெட்டுப்போய் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் இறக்கும் காரைக்குடிக்காரரின் மரணம் மதுரையில் பதிவாகிறது. இறப்பு எங்கே நிகழ்ந்ததோ அங்கே பதிவது சட்டம். சிவகங்கை மாவட்டத்தின் அட்டவணையில் அவர் இல்லை. வாழ்ந்தபோது பாட்டில் வாங்கியது இங்கே, கணக்கில் செத்தது அங்கே. பெரிய மருத்துவமனை உள்ள ஊரில் மதுச்சாவு அதிகமாகவும் அதைச் சுற்றியுள்ள ஊர்களில் குறைவாகவும் தெரிவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. மருத்துவர் தரும் இறப்புக் காரணச் சான்றில் 'மாரடைப்பு' என்று எழுதப்படுவது தனிக்கதை. காப்பீட்டுக்காகவும் மானத்துக்காகவும் வீட்டார் கேட்டுக்கொள்வதுண்டு.

கடையின் இடமும் எண்ணை ஆட்டிவைக்கும். 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டன. அவற்றில் பல ஊருக்குள் புதிய இடம் தேடின. பெண்கள் விளக்குமாறோடு மறியலில் இறங்கிய கோடை அது. அந்த ஆண்டின் கடைவாரி விற்பனையை முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டால் சில கிராமங்கள் திடீரெனக் குடிக்கத் தொடங்கியதுபோலத் தெரியும். திருமயம் சாலையில் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் கண்மாய்க் கரையில் வாங்கத் தொடங்கினார்கள், அவ்வளவுதான் நடந்தது. கிராமத்துக்குள் கடை வந்ததால் புதிதாகக் குடிக்கத் தொடங்கியவர்களும் இருப்பார்கள். அவர்களைப் பிரித்துக் காட்ட கடைக் கணக்குக்குத் தெரியாது.

செட்டிநாட்டைப் பற்றி உருப்படியான ஒரு எண் வேண்டும் என்றால் அதைப் பெற வழி இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இரண்டு மாவட்ட டாஸ்மாக் அலுவலகங்களுக்கும் தனித்தனியே மனுப் போட்டு, காரைக்குடி, தேவகோட்டை, திருமயம் வட்டங்களின் கடைவாரி மாதாந்திர விற்பனையைக் கேட்கலாம். ரூபாயில் கேட்கக் கூடாது. பிராந்தி, விஸ்கி போன்ற மதுவகை எத்தனை பெட்டி, பீர் எத்தனை பெட்டி என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். குவாட்டர் பெட்டியில் 48 பாட்டில், அதாவது 8.64 லிட்டர், அதில் தூய ஆல்கஹால் சுமார் 3.7 லிட்டர். பீர்ப் பெட்டியில் 12 பாட்டில், 7.8 லிட்டர், 5 விழுக்காடு என்றால் தூய ஆல்கஹால் 0.39 லிட்டர். இரண்டையும் 'பெட்டி' என்றே கூட்டிவிட்டால் ஒன்பது மடங்குக்கு மேல் பிசகும். ஓட்டல் பார்களும் கிளப்புகளும் எடுத்தது தனி. வைகாசி, ஆவணிக் கல்யாண மாதங்களையும் தை மாதத்தையும் ஒதுக்கிவிட்டு மார்கழி, ஆடி போன்ற மாதங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் விருந்தாளியின் பங்கு பெருமளவு கழிந்துவிடும். அப்படி வருவதை ஊரில் உண்மையாகவே வாழும் வயதுவந்த ஆண்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். அந்த எண்ணிக்கைக்கு இன்றைக்கும் நம் கையில் இருப்பது 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புதான்.